ஒற்றைத் தொழில் ஊர்களின் நாளை: சிவகாசிப் பார்வையில் வடதுருவத் துறைமுகம் லாங்இயர்பியன்

முன்னுரை

உல்லாசக் கப்பலில் வடதுருவப் பகுதிக்குச் செல்வது இன்று தமிழர்க்கு எட்டாத பயணமன்று. செல்வோர் பனியாறு, வெண்கரடி, நள்ளிரவுச் சூரியன் ஆகியவற்றைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். கப்பல் வந்து நிற்கும் துறைமுக ஊர் எப்படிப் பிறந்தது, எந்தத் தொழிலால் வாழ்ந்தது, அந்தத் தொழில் ஓய்ந்தபோது என்ன செய்தது என்ற கேள்விகள் அவர்களுக்குப் பெரும்பாலும் எழுவதில்லை. பட்டாசை நம்பி வாழும் மண்ணிலிருந்து போகிறவருக்கு முதலில் எழவேண்டியவை அந்தக் கேள்விகளே.

நார்வே நாட்டு ஆட்சியிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் தலைமை ஊர் லாங்இயர்பியன். நிலக்கரிச் சுரங்கத்துக்காகவே எழுந்த ஊர் அது. சிவகாசி தீப்பெட்டியாலும் பட்டாசாலும் வளர்ந்தது. இரண்டிலும் ஒரு தலைமுறையின் சோறும் சாவும் ஒரே தொழிலுக்குள் அடங்கியிருந்தன. இந்த ஒப்புமையை அடிப்படையாகக் கொண்டு, லாங்இயர்பியனுக்குக் கப்பலில் செல்பவர் காணத்தக்கவற்றையும், அவற்றிலிருந்து விருதுநகர் மாவட்டம் கற்கத்தக்கவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. முதல் தொழில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தொழிலை ஊன்றிய ஊரே நிலைக்கும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. இருப்பிடமும் வழியும்

1.1 நிலமும் ஒளியும்

லாங்இயர்பியன் வடக்கு அகலக்கோடு 78 பாகையில் இருக்கிறது. சுமார் 2,500 பேர் வாழ்கின்றனர். ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை அங்கே சூரியன் மறைவதில்லை. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடு வரை உதிப்பதில்லை. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் இரண்டாம் வாரம் ஆகிவிடும். அந்த முதல் வெயிலை ஊர் கூடி ஒரு வாரம் கொண்டாடுகிறது.

பனி மூடிய நாடு என்றதும் ஈரம் மிகுந்த நாடு என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. அங்கே ஆண்டு முழுவதும் மழையாகவும் பனியாகவும் விழுவது 200 மில்லிமீட்டர் அளவே. மானாவாரியை நம்பி வானம் பார்க்கும் நம் கரிசல் காட்டில்கூட அதைவிடப் பல மடங்கு மழை பெய்கிறது. அறிவியலார் அந்நிலத்தைத் துருவப் பாலைவனம் என்றே வகைப்படுத்துகின்றனர். வறண்ட வானம் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு உதவியது. அங்கே வறண்ட குளிர், நூறாண்டுக்கு முந்தைய மரத் தூண்களையும் மட்காமல் நிறுத்தி வைத்திருக்கிறது.

1.2 இந்தியருக்குள்ள உரிமை

1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவும் அதில் இடம்பெற்றது. தீவுகளின் ஆட்சியுரிமை நார்வேக்கு. அங்கே தங்கவும் தொழில் செய்யவும் கையெழுத்திட்ட எல்லா நாட்டுக் குடிமக்களுக்கும் சம உரிமை. எனவே சட்டப்படி ஓர் இந்தியர் விசா இல்லாமல் ஸ்வால்பார்டில் வசிக்கலாம். தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடிய வேண்டும் என்பது நிபந்தனை.

நடைமுறையில் வழிதான் சிக்கல். பெரும்பாலும் நார்வே வழியாக விமானத்திலோ, ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்து கப்பலிலோதான் அங்கே போக முடியும். ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்விட்டு ஐரோப்பாவுக்குத் திரும்புவது மறுநுழைவாகக் கணக்கிடப்படும். ஆகவே ஒருமுறை நுழைவுக்கான விசா போதாது; பலமுறை நுழைவுக்கானதைக் கேட்டு வாங்க வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும்போதே தமிழ்ப் பயணி கவனிக்கவேண்டிய செய்தி இது.

2. பயணி தோற்றுவித்த ஊர்

இந்த ஊரில் சுற்றுலா சுரங்கத்துக்குப் பின் வந்ததன்று, முன்பே இருந்தது. 1896-இல் ஒரு நார்வே நீராவிக் கப்பல் நிறுவனம் ஹாமர்ஃபெஸ்டிலிருந்து கோடைக்கால வாரச் சேவை நடத்தியது. அட்வென்ட் கடற்குடா ஓரத்தில் பயணிகளுக்காக ஒரு சிறு விடுதியையும் கட்டியது. இன்று விமான நிலையம் இருக்கும் முனைக்கு அந்த விடுதியின் பெயரே நின்றுவிட்டது.

1901-இல் ஜான் மன்றோ லாங்இயர் என்ற அமெரிக்கச் சுரங்க முதலாளி சுற்றுலாப் பயணியாக அங்கே வந்தார். மலைச்சரிவில் நிலக்கரி இருப்பதை அறிந்தார். சுரங்க உரிமைகளை விலைக்கு வாங்கி, 1906-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஆர்க்டிக் கோல் கம்பெனியின் பெயரில் வெட்டத் தொடங்கினார். நிர்வாகம் அமெரிக்கர் கையில்; கூலிகளில் பெரும்பாலோர் நார்வேக்காரர்கள். 1916-இல் ஸ்டோரெ நோர்ஸ்கெ என்ற நார்வே நிறுவனம் எல்லாவற்றையும் வாங்கியது. வீடு, கடை, மருத்துவம், உணவுக்கூடம் என ஊரின் ஒவ்வொரு வசதியும் அதன்பின் பல பத்தாண்டுகள் நிறுவனத்தின் கையிலிருந்தே வந்தது.

இதனோடு சிவகாசியின் பிறப்பை வைத்துப் பார்க்கலாம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் நுட்பத்தைக் கற்று வந்தனர். வேளாண்மை கைகொடுக்காத மண்ணில் அந்தத் தொழில் வேர்பிடித்தது. தீப்பெட்டி ஆபீஸ்களைத் தொடர்ந்து 1940-களில் பயர் ஆபீஸ்கள் எனப்படும் பட்டாசு ஆலைகள் பெருகின. பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகங்கள் வந்தன. லாங்இயர்பியனுக்கு வெளியிலிருந்து முதலாளி வந்தார். சிவகாசியிலிருந்து பிள்ளைகள் வெளியே போய்க் கற்று வந்தனர். ஊர் தொழிலுக்குச் சொந்தமாவதும் தொழில் ஊருக்குச் சொந்தமாவதும் இங்கேதான் பிரிகின்றன. இந்த வேறுபாடு சிவகாசிக்குப் பெரும் பலம். கட்டுரையின் இறுதிப் பகுதி இந்தப் பலத்தின்மேல்தான் நிற்கிறது.

விபத்தில் இரண்டு ஊர்களும் ஒன்றே. 1920 ஜனவரி 3 அன்று லாங்இயர்பியனின் முதல் சுரங்கத்தில் நிலக்கரித் தூசி வெடித்து 26 பேர் இறந்தனர். காற்றில் மிதக்கும் நுண்தூசியும் ஒரு பொறியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பட்டாசு மருந்து அறையில் வேலை பார்த்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

3. ஒரு பகல் கரையிறக்கம்

3.1 துறைமுகத்திலிருந்து ஊருக்குள்

பெரிய கப்பல் ஒன்று வந்து நின்றால், அதில் வரும் பயணிகளின் எண்ணிக்கை சில வேளை ஊரின் மக்கள்தொகையையே மிஞ்சிவிடும். கிடைப்பதோ சில மணி நேரம். துறைமுகத்திலிருந்து கடைவீதிக்கு நடந்தே போய்விடலாம். வழியில் மலைச்சரிவு நெடுக மரக் கோபுரங்கள் நிற்கும். சுரங்கத்திலிருந்து வாளிகளில் நிலக்கரியைத் தொங்கவிட்டுத் துறைமுகத்துக்கு இறக்கிய கம்பிவடத் தடத்தின் எச்சங்கள் அவை. வடங்கள் வந்து சேரும் நடுநிலையக் கட்டடம் ஊருக்கு மேலே இன்றும் நிற்கிறது.

கட்டடங்கள் தரையில் அமராமல் மரத்தூண்களின்மேல் நிற்பதைக் காணலாம். கீழே இருப்பது ஆண்டு முழுவதும் உறைந்த மண். வீட்டின் சூடு அதில் இறங்கினால் மண் இளகி வீடு சரியும். புதைத்த சவப்பெட்டிகளை இந்த மண் காலப்போக்கில் மேலே தள்ளிவிடும் என்பதால் 1950 முதல் உடல் அடக்கம் நடைபெறுவதில்லை. சாம்பல் கலயத்தை அடக்கம் செய்ய வழியுண்டு. இறப்பதற்கே அந்த ஊரில் தடை என்று பயணக் கதைகளில் பரவும் செய்தி இதன் திரிபு.

அருங்காட்சியகத்திலும் தேவாலயத்திலும் பல விடுதிகளிலும் காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுரங்கத் தொழிலாளியின் காலணியில் ஒட்டிய கரித்தூள் வீட்டுக்குள் வராமலிருக்கத் தொடங்கிய பழக்கம் இது. சுரங்கம் போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. வாசலில் செருப்பை விட்டுப் பழகிய தமிழருக்கு அந்த ஊரில் அந்நியம் தோன்றாத இடம் இதுவே.

3.2 விதைப் பெட்டகமும் கரிசல் பயிர்களும்

விமான நிலையத்துக்கு மேலேயுள்ள மலைக்குள் 2008 பிப்ரவரி 26 அன்று உலக விதைப் பெட்டகம் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்க வழியின் முடிவில், −18 பாகை செல்சியஸ் குளிரில் விதைகள் காக்கப்படுகின்றன. 45 லட்சம் வகை மாதிரிகளை வைக்க இடமுண்டு. பயணிகளுக்கு உள்ளே அனுமதியில்லை. வாயிலை மட்டும் காணலாம்.

அந்த வாயிலோடு நமக்கும் தொடர்புண்டு. ஐதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள பன்னாட்டு வறண்ட நிலப் பயிர் ஆய்வு நிறுவனம் தன் சேமிப்பின் மறுபடிகளை அங்கே அனுப்பியிருக்கிறது. அந்நிறுவனத்தின் பயிர்கள் சோளம், கம்பு, கேழ்வரகு, துவரை, நிலக்கடலை முதலியவை. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து மானாவாரிப் புன்செய்கள் காலங்காலமாக அறிந்த பயிர்களும் அவைதாம். போராலோ வறட்சியாலோ இங்குள்ள விதை அழிந்தாலும் அங்கே மறுபடி இருக்கும்.

அந்த மலையும் முழுக்காப்பு அன்று. 2016 இலையுதிர் காலத்தில் வழக்கத்துக்கு மாறாகப் பெய்த மழையால் நுழைவழிக்குள் நீர் புகுந்து உறைந்தது. விதைகளுக்குச் சேதமில்லை, நுழைவழியைப் புதிதாகக் கட்டவேண்டியதாயிற்று. 2015 டிசம்பர் 19 அன்று சரிந்த பனி குடியிருப்புகளை அடித்துச் சென்று இரண்டு உயிர்களைப் பறித்தது. 2020 ஜூலை 25 அன்று வெப்பநிலை 21.7 பாகை செல்சியஸைத் தொட்டது. அங்கு அதுவரை அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை.

4. விருந்தினரும் விதிகளும்

4.1 கரடி எல்லை

ஊர் எல்லையில் வெண்கரடி படம் போட்ட எச்சரிக்கைப் பலகை உண்டு. அதைத் தாண்டினால் கரடியை விரட்டும் கருவி கையில் இருந்தாக வேண்டும். துப்பாக்கியும் வேண்டும் என்பது ஸ்வால்பார்ட் ஆளுநர் அலுவலகத்தின் அறிவுரை. கப்பல் பயணிக்கு இந்தச் சுமை இல்லை. வழிகாட்டியின் பொறுப்பு அது. வழிகாட்டியில்லாமல் பலகையைத் தாண்டக்கூடாது என்பதே பயணி பின்பற்றவேண்டிய முறை. ஸ்வால்பார்டில் ஏறக்குறைய 300 வெண்கரடிகள் வாழ்வதாகக் கணிக்கப்படுகிறது. ஊரை ஒட்டிய முகாம் திடலிலேயே 2020 ஆகஸ்டில் கரடி தாக்கி ஒருவர் இறந்தார்.

4.2 2025-இன் புதிய விதிகள்

2025 ஜனவரி 1 முதல் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக்கூடாது. அங்கே வரையறுக்கப்பட்ட 43 இடங்களில் மட்டுமே கரையிறங்கலாம். வெண்கரடிக்கு 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். இதற்கு முன்பே, 2022 முதல், ஸ்வால்பார்ட் கடல் எல்லைக்குள் கனரக எண்ணெய் எரிக்கும் கப்பல்களுக்குத் தடை வந்துவிட்டது.

விதிகளின் காரணம் தெளிவானது. துருவத் தரையில் பாசியும் குறுஞ்செடியும் மிதிபட்டால் மீண்டும் முளைக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டிவந்த அயல்விதை முளைத்தால் உள்ளூர்ச் செடி அழியும். அதனால் கரையிறங்கும் முன் காலணி அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். 1946-க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவாயினும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. துருப்பிடித்த ஓர் ஆணியைக்கூட நினைவுப் பொருளாக எடுத்துவரக் கூடாது.

வருவாய் தரும் விருந்தினரை ஓர் ஆட்சி தானே கட்டுப்படுத்துவது எளிதன்று. வருகிறவர் தொகையைக் கூட்டுவதொன்றே சுற்றுலாவின் இலக்கு என்ற எண்ணத்தை இவ்விதிகள் மறுக்கின்றன. கொடைக்கானலுக்கும் குற்றாலத்துக்கும் இதில் பாடமுண்டு.

5. கடலில் தீயின் வேலை

பனிக்கடலில் கப்பல் பயணம் இன்றும் ஆபத்து நீங்கியதன்று. 1989 ஜூன் 19 இரவு, ஸ்வால்பார்டுக்கு மேற்கே, மாக்சிம் கோர்க்கி என்ற சோவியத் உல்லாசக் கப்பல் மிதக்கும் பனியில் மோதியது. பயணிகளும் பணியாளரும் சேர்ந்து 950 பேர் அளவில் இருந்தனர். பலர் உயிர்காப்புப் படகுகளிலும் பனிப்பலகைகளின் மேலும் காத்திருந்தனர். நார்வே கடலோரக் காவல் கப்பல் சென்யா விரைந்து வந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

இத்தகைய வேளையில் கப்பல் தன் இருப்பைச் சொல்லப் பயன்படும் கடைசிக் கருவி வாணம். பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு விதிப்படி, கப்பலின் கட்டளை மேடையருகே குறைந்தது 12 பாராசூட் ராக்கெட்டுகள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 300 மீட்டர் உயரத்துக்கு எழும்பி, பாராசூட்டில் தொங்கியபடி 40 வினாடிக்குக் குறையாமல் செந்நிறத்தில் எரிய வேண்டும். ஒவ்வோர் உயிர்காப்புப் படகிலும் 4 பாராசூட் ராக்கெட்டும், கையில் பிடிக்கும் 6 தீப்பந்தமும், மிதந்து புகையும் 2 குறிகளும் இருக்கும்.

இந்த விதி துயரத்தில் பிறந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய இரவில் அது ஏவிய வெண்ணிற ராக்கெட்டுகளைக் கலிஃபோர்னியன் என்ற கப்பலிலிருந்தோர் பார்த்தனர். அது அபாயக் குறி என்று உணர்ந்து உதவிக்குப் போகவில்லை. 1914-இல் கடலில் உயிர் காக்கும் முதல் பன்னாட்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. இன்று அபாய ராக்கெட்டின் நிறம் சிவப்பு என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

செந்நிறம் ஸ்ட்ரான்சியத்தால் வருகிறது. பச்சை பேரியத்தால் வருகிறது. பேன்சி ரகப் பட்டாசு செய்யும் ஒவ்வொரு போர்மேனுக்கும் இது கைப்பழக்கம். துருவத்தில் வழிகாட்டி இடுப்பில் செருகியிருக்கும் குறிக்கைத்துப்பாக்கியும் இதே அறிவால் ஆனதுதான். கரடி நெருங்கினால் முதலில் அதன் முன்னே தரையில் வெடிக்கும் குறிக்குண்டைச் சுட்டு, சத்தத்தாலும் ஒளியாலும் விரட்டப் பார்ப்பார்கள். கரடியும் பிழைக்கும், மனிதனும் பிழைப்பான். விழாவுக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணும் கைத்தொழில், உலகின் வடமுனையில் உயிர்காக்கும் தொழிலாக நிற்கிறது.

6. மூன்று ஊர்கள், மூன்று முடிவுகள்

கப்பல் பயணத்தில் லாங்இயர்பியனோடு அருகிலுள்ள வேறு இரு ஊர்களையும் பார்க்க வாய்ப்புண்டு. மூன்றும் நிலக்கரியால் பிறந்தவை. மூன்றின் முடிவும் வேறு வேறு.

6.1 பிரமிடென்: கைவிடப்பட்டது

சோவியத் அரசு நடத்திய சுரங்க ஊர் பிரமிடென். உச்சக் காலத்தில் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தனர். பள்ளி, நீச்சல் குளம், கலையரங்கம் எல்லாம் இருந்தன. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் பணம் வற்றியது. 1998-இல் சுரங்கம் மூடப்பட்டு ஊர் காலியாயிற்று. இன்று அது காட்சிப்பொருள். வேறு தொழில் எதுவும் அங்கே ஊன்றப்பட்டிருக்கவில்லை.

6.2 நி-ஆலெசுண்ட்: ஆய்வூர் ஆனது

நி-ஆலெசுண்டில் சுரங்க விபத்துகள் தொடர்ந்தன. 1962 நவம்பர் 5 அன்று நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்தனர். சுரங்க நிறுவனம் அரசுடையது. பாதுகாப்பில் நேர்ந்த குறைகளுக்கு அரசே பொறுப்பு என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 1963 ஆகஸ்டில் பிரதமர் கெர்ஹார்ட்சனின் அமைச்சரவை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. சுரங்கம் நின்றது.

ஊர் அழியவில்லை. அதே நிறுவனம் சுரங்கத்தை விட்டுவிட்டு, உலக அறிவியலாருக்கு இடமும் உணவும் துறைமுகமும் தரும் நிறுவனமாக மாறியது. 2008 ஜூலை 1 அன்று இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. 2014 ஜூலையில் அதன் அருகே காங்ஸ் கடற்குடாவின் அடியில் இண்டார்க் என்ற கண்காணிப்புக் கருவித் தொகுதி நிறுவப்பட்டது. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்குண்டு. துருவக் கடலின் மாற்றத்துக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறிவது இந்திய ஆய்வின் நோக்கங்களுள் ஒன்று.

ஊருக்குள் நுண்ணலைக் கருவிகள் வேலை செய்வதால் இங்கே இறங்கும் பயணிகள் கைப்பேசியின் கம்பியில்லாத் தொடர்புகளை அணைத்துவிட வேண்டும், சாலையைவிட்டு விலகக்கூடாது. 21 பேர் உயிர்விட்ட ஊரில் நம் நாட்டு ஆய்வு நிலையம் நிற்கிறது என்ற வரலாற்றுணர்வோடு இந்தியப் பயணி அங்கே நடக்க வேண்டும்.

6.3 லாங்இயர்பியன்: மாறிக்கொண்டிருப்பது

லாங்இயர்பியன் கடைசிக் கரி தீரும்வரை காத்திருக்கவில்லை. 1990-களின் தொடக்கத்திலேயே சுற்றுலா திட்டமிட்டு வளர்க்கப்பட்டது. 1993-இல் பல்கலைக்கழக மையம் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் செயற்கைக்கோள்களிலிருந்து தரவு பெறும் நிலையம் மலைமேல் எழுந்தது. 2023-இல் நிலக்கரி மின்நிலையம் நிறுத்தப்பட்டது. கடைசிச் சுரங்கமான ஏழாம் சுரங்கம் 2025 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. முதல் மாற்றுத் தொழிலுக்கும் கடைசிச் சுரங்கம் மூடியதற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளிதான் ஊரைக் காத்தது.

6.4 ஒப்புமையின் எல்லை

ஒப்புமையை அளவு மீறி இழுக்கக் கூடாது. லாங்இயர்பியனைத் தாங்குவதற்கு நார்வே அரசின் கருவூலம் உண்டு. வடக்கில் தன் ஆட்சியுரிமையை நிலைநாட்ட அவ்வரசுக்கு அங்கே மக்கள் வேண்டும். அந்த ஊரில் பலர் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் பெயர்ந்துவிடுவர். சிவகாசியில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் ஊன்றியிருக்கின்றன. உழைப்பாளரில் பெண்கள் பெருந்தொகையினர். இங்கே ஒரு தொழிலை மூடுவது ஒரு சமூகத்தையே பெயர்ப்பதாகும். பனி உருகுவதைக் காண வரும் கப்பல்களின் புகையே பனியை உருக்குவதில் பங்கு கொள்கிறது என்ற முரண்பாடும் லாங்இயர்பியனுக்கு உண்டு. சுற்றுலா குறையில்லாத மாற்று என்று இக்கட்டுரை சொல்லவில்லை.

7. சிவகாசிக்குப் பெறப்படுவன

7.1 உயிரின் பொறுப்பு

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பெரும் விபத்து. லாங்இயர்பியனில் கடைசிச் சுரங்கம் மூடப்பட்ட மறுநாள், 2025 ஜூலை 1 அன்று, சின்னக்காமன்பட்டியில் மருந்து வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, வழக்குப் பதிகிறது, சில வாரம் ஆய்வு நடக்கிறது, பிறகு அடுத்த விபத்துவரை அமைதி.

நார்வேயில் 21 உயிர்களுக்காக ஓர் அரசு பதில் சொல்ல நேர்ந்தது. அங்கே சுரங்கம் அரசுடையது, இங்கே ஆலைகள் தனியாருடையவை என்ற வேறுபாடு உண்டு. ஆயினும் உரிமம் தருவதும் ஆய்வு செய்வதும் அரசுதான். உரிமம் பெற்ற ஆலையை உள்குத்தகைக்கு விடுவது, அறையில் அளவுக்கு மேல் மருந்து வைப்பது, அனுமதித்ததைவிட அதிகம் ஆள் அமர்த்துவது ஆகியவையே விபத்துகளுக்குப்பின் மீண்டும் மீண்டும் வெளிவரும் காரணங்கள். இவை தெரியாத காரணங்கள் அல்ல. தெரிந்த காரணத்தால் நேரும் சாவுக்கு விதி என்று பெயர் சூட்டுவது அறமாகாது.

7.2 இரண்டாவது தொழில்

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இடமளித்தது. கரிக்கு வந்த நெருக்கடி போலவே பட்டாசுக்கும் சூழல் காரணமாக நெருக்கடி வந்துவிட்டது. தொழில் இன்னும் நிற்கிறது, கூலி இன்னும் கிடைக்கிறது. மாற்றை ஊன்ற வேண்டிய காலம் இதுவே.

சிவகாசி இதை ஒருமுறை செய்து காட்டிய ஊர். லேபிளுக்காக வந்த அச்சகம் நாட்காட்டி, நாட்குறிப்பு, நோட்டுப்புத்தகம் என விரிந்து, தனித்து நிற்கும் தொழிலாயிற்று. யாரும் மேலிருந்து திட்டமிட்டுத் தரவில்லை. ஊராரே கண்ட வழி அது. அதே வழியில் அடுத்த அடி, கடலில் உயிர்காக்கும் வாணங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரி மாவட்ட மீனவர் பலர் கடலில் தொலைந்தனர். ஒவ்வொரு விசைப்படகிலும் தரமான அபாய வாணம் இருப்பது இன்றியமையாதது. நம் கடற்கரை நீளத்துக்கும் படகுத் தொகைக்கும் ஏற்ப இதற்குத் தேவை இருக்கிறது. உப்புக்காற்றிலும் ஈரத்திலும் பல ஆண்டுகள் கெடாமலிருந்து, கேட்ட கணத்தில் எரியவேண்டிய பொருள் இது. விழாப் பட்டாசைவிடத் தரக்கட்டுப்பாடு பன்மடங்கு கடுமையானது. ஆகவே ஆய்வுக்கூடமும், பயிற்சி பெற்ற வேதியியலாரும், பன்னாட்டுச் சான்றும் வேண்டும். மாவட்டத்துக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளும் ஆலை உரிமையாளர்களும் சேர்ந்தால் இயலாத செயலன்று.

7.3 நினைவைக் காத்தல்

துருப்பிடித்த ஆணியைச் சட்டம் போட்டுக் காக்கும் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறவர், சிவகாசியின் பழைய லேபிள்கள் எங்கே என்று கேட்க வேண்டும். பழைய தீப்பெட்டிப் படங்கள், கல்லச்சுத் தகடுகள், கோவில்பட்டிக் கொண்டையராஜுவின் ஓவியங்களைச் சுமந்து இந்தியா முழுதும் வீட்டுச் சுவர்களில் தொங்கிய நாட்காட்டிகள் ஆகியவை ஒரு நாட்டின் கண்பழக்கத்தை உருவாக்கியவை. குடோன்களில் கரையான் தின்பதற்குமுன் அவற்றைத் திரட்டி ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும். அதே கட்டடத்தில் விபத்துகளில் இறந்த தொழிலாளர் ஒவ்வொருவரின் பெயரும் இடம்பெற வேண்டும். லாங்இயர்பியனின் கடைவீதியில் சுரங்கத் தொழிலாளியின் சிலை நிற்கிறது. ஊரைக் கட்டியவன் யார் என்பதைக் கப்பலிலிருந்து இறங்கி வரும் அயலாரும் அறிகின்றனர்.

முடிவுரை

ஆய்வில் தெளிந்தவை மூன்று. முதலாவது, ஒரே தொழிலில் நிற்கும் ஊருக்குப் பிரமிடெனின் முடிவும் உண்டு, லாங்இயர்பியனின் முடிவும் உண்டு. இரண்டையும் பிரிப்பது கையிருப்புச் செல்வம் மட்டுமன்று, தொடங்கும் காலமும்தான். இரண்டாவது, தொழிலாளி உயிருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்ற நாட்டில்தான் நி-ஆலெசுண்ட் போன்ற மாற்றம் நிகழ்ந்தது. மூன்றாவது, விருந்தினருக்கும் விதி வகுக்கும் துணிவு ஊருக்கு வேண்டும்.

வடதுருவத்துக்குக் கப்பலேறும் வசதி படைத்த தமிழர்களுக்கு, குறிப்பாக விருதுநகர் மாவட்டத்துத் தொழில் குடும்பங்களுக்கு, ஒரு வேண்டுகோள். கரடியையும் பனியாற்றையும் கண்டு மகிழுங்கள். அந்தச் சில மணி நேரத்தில் சுரங்க அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். மாற்றுத் தொழிலை எந்த ஆண்டில் தொடங்கினார்கள், கடைசிச் சுரங்கத்தை எந்த ஆண்டில் மூடினார்கள் என்று கேட்டறியுங்கள். லாங்இயர்பியனுக்கு முப்பது ஆண்டு அவகாசம் கிடைத்தது. சிவகாசிக்கு அவ்வளவு கிடைக்கும் என்று எண்ணிக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. இரண்டாவது தொழிலை இப்போதே ஊன்றியாக வேண்டும்.